துலாவுக்குப் போகிறவர்கள் கொல்லைப்புறத்தைக் கவனியுங்கள்

துலாவின் பழைய நகர இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் மெக்சிகோ நகரத்தின் வடக்குப் பேருந்து நிலையத்தில் சீட்டு வாங்கும்போது வெறுமனே "துலா" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். என் வாயிலிருந்து என்ன வந்து அவர் காதில் என்ன விழுந்ததோ, சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் துலான்சிங்கோவுக்குச் சீட்டு அடிக்கப் போனார். அதுவும் இதே இதால்கோ மாநிலத்து ஊர்தான், ஆனால் திசை வேறு. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் "லோஸ் அட்லாந்தெஸ்?" என்று கேட்டு நான்கு விரலை நிமிர்த்திக் காட்டினார். துலாவின் பிரமிடு மேல் நிற்கும் நான்கு கல்வீரர்களுக்கு அதுதான் பெயர். நான் தலையாட்டினேன். நாம் ஆட்டுகிற ஆட்டலில் அவருக்கு ஆமாவா இல்லையா என்று விளங்கவில்லை. கடைசியில் "சீ, சீ" என்றேன். நம்மூரில் அது வசவு, அங்கே சம்மதம். "துலா தே அயெந்தே" என்று முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டியதில்லை.

நான் திருச்சிக்காரன். பொதுப்பணித் துறையில் படவரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் மெக்சிகோ நகரத்தில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் நானும் என் மனைவியும் ஐந்து மாதம் தங்கியபோது துலாவுக்கு மூன்று முறை போய்வந்தேன். முதல் முறை தனியாக, இரண்டாம் முறை முழங்கால் வலிக்கார மனைவியோடு, மூன்றாம் முறை மகனோடு. ஒரு கட்டடத்தைக் கண்டால் கூரை எங்கே, தண்ணீர் எப்படி வடிந்தது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். அந்தப் புத்தியோடு எழுதுகிற குறிப்பு இது.

துலா என்றால் எனக்கு ஐப்பசியில் அம்மா மண்டபம் படித்துறையில் போடும் முழுக்குத்தான். இந்தத் துலா வேறு. தொல்லான் என்ற நஹுவா மொழிப் பெயர் ஸ்பானியர் வாயில் தேய்ந்து துலா ஆனது. கோரையும் நாணலும் மண்டிய இடம் என்று பொருள். அங்கே வாழ்ந்தவர்கள் தொல்தெக்குகள். பின்னால் வந்த அஸ்தெக்குகளின் பேச்சில் கைத்தொழிலில் தேர்ந்த எவனுக்குமே அந்தப் பெயர்தான். தமிழ்க் காதில் "தொல்" என்று விழுவது தற்செயல். யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்ப வேண்டாம்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை. கிளம்புமுன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரத்திலிருந்து துலா வடமேற்கே எண்பது கிலோமீட்டர் போல. மெட்ரோவின் மஞ்சள் நிற 5-ஆம் தடத்தில் "ஆவுத்தோபூசஸ் தெல் நோர்த்தே" நிறுத்தத்தில் இறங்கினால் வாசலிலேயே பேருந்து நிலையம். எழுத்துப் படிக்கத் திணறுபவர்களுக்காக மெட்ரோவில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். இந்த நிறுத்தத்தின் படம் ஒரு பேருந்தின் முகம். என் மனைவி மெக்சிகோ முழுக்க அந்தப் படங்களை வைத்தே போய்வந்தாள். பேருந்துப் பயணம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், நெரிசலைப் பொறுத்தது. காலை ஏழு மணிக்காவது கிளம்பிவிடுங்கள். துலா நிலையத்திலிருந்து இடிபாடுகளுக்கு டாக்சியில் பத்து நிமிடம். ஏறுவதற்கு முன்பே "குவாந்தோ?" என்று கேட்டுத் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். கையில் சில்லறைப் பெசோ இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த இடத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்றில் தொல்லியலாளர் ஹோர்ஹே அகோஸ்தா பெயரில் அருங்காட்சியகம், இன்னொன்றில் அதே துறைக்காரரான குவாதலூப்பே மஸ்தாச்சே பெயரில் ஒரு விளக்க மையம். திரும்பிப் போக டாக்சி சொல்லி வைத்திருந்தால் எந்த வாசல் என்பதையும் சொல்லி வையுங்கள். நாங்கள் ஒன்றில் நிற்க, டாக்சிக்காரர் மற்றொன்றில் நின்றார். முழங்கால் வலிக்காரி அன்று என்னிடம் பேசியது அதிகமில்லை.

நான் சொல்வது அகோஸ்தா அருங்காட்சியக வாசல். அங்கிருந்து இடிபாடுகள் வரை கள்ளிச் செடிகளுக்கு நடுவே நடை. நிழல் மிகக் குறைவு. உயரம் இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்று மேல், ஆகையால் காற்று சில்லென்று இருக்கும், வெயில் சுடுவது தெரியாது. சாயங்காலம் கழுத்துப் பிடரி எரியும்போதுதான் தெரியும். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். மூச்சு வாங்குமே என்ற பயம் மட்டும் வேண்டாம். மெக்சிகோ நகரம் இதைவிட உயரம், அங்கே நாலு நாள் இருந்தவர்களுக்குத் துலா சுலபம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மழை கொட்டும். அந்த மாதங்களில் ஒரு மணிக்குள் சுற்றி முடித்துவிடுங்கள்.

அந்த நடையில் நமக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. சப்பாத்திக்கள்ளி நம்மூர் வேலிக்கு வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான். இங்கே அதன் மடலை முள் நீக்கிக் கறி சமைக்கிறார்கள், பழத்தைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். ஆனைக்கற்றாழையும் இந்த நாட்டுச் செடிதான். இந்தப் பள்ளத்தாக்குக்கு மெஸ்கித்தால் என்று பெயர், மெஸ்கித்தே மரங்கள் நிறைந்தது என்று அர்த்தம். மரத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டேன், நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. "இதை வெட்டத்தானே நம்மூர்ல கோர்ட்டு வரைக்கும் போனாங்க?" என்றாள் மனைவி.

இனிதான் முக்கியமான விஷயம். இந்தப் பக்கமாக வருகிறவர்கள் துலாவுக்குள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். முதலில் ஒரு பந்தாட்டக் களம், அப்புறம் பிரமிடு 'பி' என்று பெயரிட்ட மேடையின் முதுகு. எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்றால், முதுகைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று முன்பக்கம் சுற்றிப் போய், படியேறி, நான்கு கல்வீரர்களோடு படம் எடுத்துக்கொண்டு முக்கால் மணியில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோதுதான், இந்த ஊரின் ஆகச் சிறந்த சுவரைத் தாண்டி நடந்து போயிருக்கிறேன் என்று தெரிந்தது.

அந்தச் சுவர்தான் கோவாதேபாந்த்லி, பாம்புச் சுவர். பிரமிடின் வடக்கே சுமார் நாற்பது மீட்டர் நீளத்துக்கு, இரண்டு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் நிற்கிறது. மேலும் கீழும் படிக்கட்டுக் கோலம் போட்ட பட்டைகள். நடுப் பட்டையில் பாம்புகள் வரிசையாக மனிதர்களை விழுங்குகின்றன. மனிதர் என்றால் பாதி எலும்பாகிவிட்ட மனிதர். உச்சியில் சங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரியும் சுருள் வடிவத்தில் கல்வரிசை. நின்று பார்த்தால் சில இடங்களில் பழைய வண்ணம் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். படம் வரைந்து பழகியவன் என்பதால் ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு பாம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அதே உருவம் திரும்ப வருவதை எண்ணிக்கொண்டே நடங்கள். எந்த எலும்புக்கூட்டை எந்தக் கை செதுக்கியது என்பதுபோல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

வெளிச்சமும் ஒரு விஷயம். சுவரின் வெளிமுகம் வடக்கு நோக்கியது. குளிர்காலத்தில் அதன்மேல் நேர் வெயில் அநேகமாக விழாது, புடைப்பு தட்டையாகத் தெரியும். மே, ஜூன், ஜூலையில் காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக விழும்போது பாம்புகள் எழுந்து நிற்கும். மேலே நிற்கும் வீரர்கள் தெற்கு நோக்கியவர்கள், அவர்களுக்குக் குளிர்காலம்தான் நல்லது. இரண்டையும் ஒரே நாளில் நன்றாகப் பார்க்க முடியாது என்பதுதான் நான் மகனிடம் மூன்றாம் பயணத்துக்குச் சொன்ன காரணம்.

சுவரைப் பார்த்து முடித்த பிறகு பிரமிடின் பக்கவாட்டைக் கவனியுங்கள். ஐந்து அடுக்கு, சுமார் பத்து மீட்டர் உயரம். சுவரிலிருந்து அங்கங்கே கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். கொத்தனார் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனதாக நினைக்க வேண்டாம். செதுக்கிய பலகைக் கற்களைத் தாங்கிப் பிடிக்க வைத்த பிடிப்புக் கற்கள் அவை. பலகைகள் பெரும்பாலும் போய்விட்டன. எஞ்சியிருக்கும் சில பலகைகளில் சிறுத்தை போன்ற விலங்குகள் நடக்கின்றன, கழுகுகள் இதயத்தைக் கொத்துகின்றன. இவற்றை மனத்தில் நிரப்பிக்கொண்டு பார்த்தால்தான் அந்தக் காலத்துப் பிரமிடு தெரியும். இல்லாவிட்டால் என் மனைவி கேட்டது மாதிரிதான் கேட்கத் தோன்றும்: "ஏங்க, இம்புட்டுத் தூரம் இந்தக் குட்டிச்சுவத்தைப் பாக்கவா கூட்டிட்டு வந்தீங்க?"

படிகள் தெற்குப் பக்கம், செங்குத்தானவை. நான் போன மூன்று நாளும் ஏற விட்டார்கள். நீங்கள் போகும் நாளில் கயிறு கட்டியிருந்தால் காவலரிடம் வாதாட வேண்டாம். இறங்கும்போது நேராக இறங்காமல் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே சதுக்கத்தின் நடுவில் நின்று பார்த்தாலும் நான்கு பேரும் நன்றாகத் தெரிவார்கள். என் மனைவி கீழேயிருந்துதான் பார்த்தாள்.

வீரர்கள் நாலரை மீட்டருக்கு மேல் உயரம், கருங்கல் போன்ற எரிமலைப் பாறை. ஒவ்வொருவரும் நான்கு துண்டுக் கல். ஒன்றில் முளை, அடுத்ததில் குழி. திருகைக் கல்லின் முளையில் மேல் கல்லை இறக்கி வைப்போமே, அந்த மாதிரிதான். இணைப்புக் கோடுகளைத் தேடிப் பிடியுங்கள், எளிதில் தெரியும். மார்பில் வண்ணத்துப்பூச்சி வடிவக் கவசம், முதுகில் இடுப்போடு ஒரு வட்டத் தட்டு, அதன் நடுவில் ஒரு முகம், தலையில் இறகு செருகிய வட்டக் கிரீடம். வலக்கையில் இருப்பது ஈட்டி எறிகோல். ஈட்டியை அதில் பொருத்தி வீசினால் வெறுங்கையால் வீசுவதைவிட வெகுதூரம் போகும். இதைக் கதிர்த் துப்பாக்கி என்றும், இவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்றும் சொல்லும் காணொளிகளை என் உறவினர்கள் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

இவர்கள் அலங்காரத்துக்கு நிற்கவில்லை, கோயில் கூரையைச் சுமந்தவர்கள். பின்னால் வீரர் உருவம் செதுக்கிய நான்கு சதுரத் தூண்களும் அதே வேலைதான் பார்த்தன. வாசலில் இறகுப் பாம்பு வடிவத்தில் இரண்டு உருளைத் தூண்கள் இருந்தன, துண்டுகள் மட்டும் மிச்சம். கூரை போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொன்றையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். வீரர்கள் ஆயிரம் வருடமாக அப்படியே நின்றுகொண்டிருக்கவில்லை. ஊர் கி.பி. 900-க்கும் 1150-க்கும் இடையில் செழித்து, பிறகு எரிந்து அழிந்தது. பின்னால் அஸ்தெக்குகள் வந்து சிலைகளைத் தோண்டி எடுத்துத் தங்கள் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். பிரமிடையும் பழங்காலத்திலேயே யாரோ வெட்டிப் பள்ளம் போட்டிருந்தார்கள். ஹோர்ஹே அகோஸ்தா 1940-இல் தொடங்கி இருபது வருடம் இங்கே அகழ்ந்தார். வீரர்களின் துண்டுகள் கிடைத்தது அந்தப் பள்ளத்தில்தான். அவர்தான் அவற்றைப் பொருத்தி நிற்க வைத்தார். அதிலும் நால்வரில் ஒருவர் நகல். அசல் மெக்சிகோ நகரத்தின் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில்.

மேலிருந்து சுற்றிப் பார்த்தால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். படத்தில் அவை விழாமல் எடுக்க எல்லோரும் வளைந்து நெளிகிறார்கள். நான் சேர்த்தே எடுத்தேன்.

இறங்கி மேற்கே போனால் எரிந்த அரண்மனை. அரண்மனை என்று பெயர்தான், ராஜா குடியிருந்த வீடு என்று நினைக்காதீர்கள். தூண்கள் நெருக்கமாக நிற்கும் மூன்று பெரிய கூடங்கள், ஆட்கள் கூடும் இடங்களாக இருந்திருக்க வேண்டும். தூண்களில் பெரும்பகுதி இப்போது எழுப்பியவை. எனக்குத் துலாவில் மிகப் பிடித்த இடம் இதுதான். கூடத்தின் நடுவில் கூரையைத் திறந்து விட்டிருக்கிறார்கள், நம் முற்றம் மாதிரி. வெளிச்சமும் அதன் வழியே, மழையும் அதன் வழியே. அப்படியானால் விழுந்த தண்ணீர் எங்கே போயிற்று? வடிகாலைத் தேடுங்கள். முற்றத்துத் தரை சற்றே தாழ்ந்திருப்பதைக் கண்ணால் மட்டம் பார்த்தாலே தெரியும். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். காவலர் விசில் ஊதினார். அனுமதி இல்லாமல் அளக்கக் கூடாதாம், அவர் சொன்னது நியாயம்தான். காலடியை வைத்து அளந்துகொண்டேன், அதற்கு விசில் இல்லை.

சுவரோரத் திண்டுகளில் ஊர்வலம் போகும் ஆட்களைச் செதுக்கியிருப்பதையும் பாருங்கள், கூரை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சாக்மோல் எனப்படும் மல்லாந்து சாய்ந்த உருவமும் இங்கே உண்டு, வயிற்றின்மேல் படையல் வைக்கும் தட்டோடு, தலையில்லாமல். இதே மாதிரி உருவமும் இதே மாதிரித் தூண் கூடமும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யூக்கத்தானில், மாயா மக்களின் நகரமான சிச்சென் இத்சாவில் இருக்கின்றன. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். சிச்சென் இத்சாவுக்கும் போகப் போகிறவர்கள் துலாவை முதலில் பாருங்கள். அந்தப் பகட்டைப் பார்த்த பிறகு வந்தால் துலா எடுபடாது.

சதுக்கத்தின் கிழக்கே உள்ள பிரமிடு 'சி' இதைவிடப் பெரியது, ஆனால் உரித்தெடுத்துவிட்டார்கள், கற்குவியல் மாதிரி இருக்கும். மேற்கே இன்னொரு பந்தாட்டக் களம், அதன் முன்னால் மண்டையோடுகளை வரிசையாகக் குத்தி வைத்த மேடையின் அடித்தளம். ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தைத் திரும்பும்போது வடக்குப் பந்தாட்டக் களத்துக்குக் கொடுங்கள். 67 மீட்டர் நீளம், ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்தின் வடிவம். ஒரு முனையில் ஆளை நிறுத்திக் கை தட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வழியில் கடைகள். அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடியில் செய்த கத்தி, ஆமை, குட்டி வீரர்கள் எல்லாம் கிடைக்கும். துலா அந்தக் காலத்திலேயே அப்சிடியன் பட்டறைகளுக்குப் பேர்போனது. பச்சுக்கா நகருக்கு அருகிலிருந்து வந்த பச்சை நிறக் கல்லுக்குத் தனி மதிப்பு. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பச்சை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கத்தியாக இருந்தால் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். முதல் நாள் ஒருவர் என் பக்கத்தில் வந்து, கைக்குட்டையைப் பிரித்து, ஒரு சுடுமண் தலையைக் காட்டி "ஒரிஹினால்" என்றார். போலியாக இருந்தால் காசு நஷ்டம். அசலாக இருந்தால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டுக்கும் "நோ, கிராசியாஸ்" போதும்.

சாப்பாடு. அசைவக்காரர்களுக்கு இதால்கோ சொர்க்கம். ஆட்டுக்கறியைக் கற்றாழை மடலில் மூடிக் குழிக்குள் வேகவைக்கும் பார்பக்கோவா ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கும் கிடைக்கும். ஞாயிறன்று உள்நாட்டுக்காரர்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் கூட்டமும் இருக்கும், எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என் மனைவி சைவம். "சின் கார்னே", இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும், கோழி அவர்கள் கணக்கில் இறைச்சியில்லை. "நி பொயோ, நி ஹமோன், சின் மந்தேக்கா" என்று கோழி, பன்றி, கொழுப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கச் சொல்லுங்கள். பூசணிப்பூ வைத்து மடித்த சோள அடையான கெசதீயா அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நான் புல்கே குடித்தேன். பதனீருக்கும் கள்ளுக்கும் என்ன உறவோ அதே உறவுதான் கற்றாழைச் சாறான அகுவாமியேலுக்கும் புல்கேக்கும். கொஞ்சம் கொழகொழப்பு, நல்ல புளிப்பு. ஒரு குவளையோடு நிறுத்துங்கள், பேருந்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

நேரமிருந்தால் ஊருக்குள் கோட்டை மாதிரி நிற்கும் பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலயத்தைப் பாருங்கள். ஆற்றுப் பாலத்தில் நாற்றம் அடித்தால் திகைக்க வேண்டாம். மெக்சிகோ நகரத்தின் கழிவுநீரும் மழைநீரும் மலை தாண்டி வந்து சேர்வது இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான். 62 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றை இதற்காகவே வெட்டி 2019 இறுதியில் திறந்தார்கள். 2021 செப்டம்பரில் இந்த ஆறு பெருகி ஊருக்குள் புகுந்து உயிர்ச்சேதம் ஆயிற்று. இந்தப் பாலத்தில் நான் அரை மணி நேரம் நின்றேன். என் மகன் சொன்னான், "அப்பா, ரிட்டயர் ஆகிட்டீங்க."

கடைசியாக, நகரத்துக்குத் திரும்பிய பிறகு மானிடவியல் அருங்காட்சியகத்தின் தொல்தெக்குக் கூடத்துக்குப் போங்கள். முன்பே போகாதீர்கள், துலாவைப் பார்த்த கையோடு போங்கள். அங்கே அந்த அசல் வீரர் தரைமட்டத்தில் நிற்கிறார். படியேற முடியாதவர்கள் முதுகுத் தட்டில் இருக்கும் முகத்தை இங்கே சுற்றி வந்து பார்க்கலாம். பக்கத்தில் சிப்பி ஒட்டிய ஒரு சின்ன மட்பாண்டம், கொயோட்டே என்னும் நரி போன்ற விலங்கின் வாய்க்குள்ளிருந்து மனிதமுகம் எட்டிப் பார்க்கும். அதுவும் துலாவில் கிடைத்ததுதான். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் முதலில் போய் நின்றது ஒரு திங்கட்கிழமை.